குக்கீ மாவின் நீர்க்கணக்கு

குக்கீ செய்முறைகளில் தண்ணீர் என்ற சொல் அரிதாகவே வரும். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, சிறிதளவு பேக்கிங் சோடா, உப்பு என்று பட்டியல் முடிந்துவிடும். ஒரு கரண்டித் தண்ணீர்கூட ஊற்றச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த மாவில் தண்ணீர் இருக்கிறது. வெண்ணெயின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடும், முட்டையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கும் தண்ணீர்தான். 250 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, ஓடு நீக்கினால் 50 கிராம் நிற்கும் ஒரு முட்டை என்று ஒரு சாதாரணக் கலவையை எடுத்துக்கொள்வோம். மைதாவுக்குள்ளேயே இருக்கும் ஈரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வெண்ணெயிலிருந்து 32 கிராம், முட்டையிலிருந்து 38 கிராம், ஆக 70 கிராம் தண்ணீர் இதற்குள் வந்து சேர்கிறது. மொத்தக் கலவையில் இது பத்தில் ஒரு பங்கு. குக்கீ மொறுமொறுப்பாக வருமா, மெத்தென்று வருமா, தட்டில் பரவுமா, வைத்த உருண்டையாகவே நின்றுவிடுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தப் பத்தில் ஒரு பங்குதான். வீட்டில் ஏதோ ஒரு பொருள் தீர்ந்துபோய் வேறொன்றை அதன் இடத்தில் இடும்போது, நம்மை அறியாமல் நாம் முதலில் மாற்றிவிடுவதும் இதையே.

மாற்றுப்பொருள் அட்டவணைகளைப் பின்பற்றிச் செய்த குக்கீகள் பல வேளைகளில் ஏமாற்றம் தருவதற்குக் காரணம், அந்த அளவுகளில் பெரும்பாலானவை கேக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதாகும். கேக் மாவில் பாலும் முட்டையும் சேர்ந்து, தண்ணீரின் எடை மாவின் எடையை நெருங்கிவிடும். அங்கே இருபது கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. குக்கீ மாவிலோ தண்ணீர் மிகக் குறைவு, அந்தக் குறைந்த தண்ணீருக்கும் சர்க்கரை போட்டியிடுகிறது. அதனால் மாவிலுள்ள ஸ்டார்ச் பெரும்பாலும் முழுமையாக வெந்து கூழாவதே இல்லை. குக்கீக்கு உரிய உடைபடும் தன்மை அந்த நிலையிலிருந்துதான் பிறக்கிறது. இருபது கிராம் தண்ணீர் இங்கே ஏறத்தாழ முப்பது விழுக்காட்டு மாற்றம். குக்கீயை ஒரு சிறிய, உலர்ந்த கேக்காக மாற்றிவிட அது போதும்.

வெண்ணெயிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் மிகுதியான தவறுகள் அங்கேதான் நிகழ்கின்றன. வெண்ணெய் என்பது 80 முதல் 82 விழுக்காடு கொழுப்பு, அதற்குள் நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கும் தண்ணீர், ஒன்றிரண்டு விழுக்காடு பால்பொருள்கள் ஆகியவற்றின் சேர்க்கை. இதன் இடத்தில் நெய்யையோ சமையல் எண்ணெயையோ அதே எடையில் இடுவோர் இரண்டு மாற்றங்களை ஒருசேரச் செய்கிறார்கள்: கொழுப்பு ஏறத்தாழக் கால் பங்கு கூடுகிறது, மாவிலிருந்த தண்ணீரில் கிட்டத்தட்டப் பாதி காணாமற்போகிறது. நெய்யில் செய்த என் முதல் குக்கீகள் கையில் எடுத்தவுடன் மணலாக உதிர்ந்ததற்கு ஓவனின் சூட்டைத்தான் நெடுநாள் காரணமாக எண்ணியிருந்தேன். உண்மையில் மாவின் துகள்களைப் பிணைக்கும் அளவுக்கு அதில் தண்ணீர் இருக்கவில்லை. 200 கிராம் வெண்ணெய்க்கு ஈடாக 160 கிராம் நெய் அல்லது எண்ணெயும், 30 மில்லி தண்ணீர் அல்லது பாலும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். பாலைச் சேர்ப்பது இன்னும் நல்லது. வெண்ணெயோடு போய்விட்ட பால்பொருள்கள் ஓரளவு திரும்பக் கிடைக்கும், சுடும்போது எழும் பழுப்பு நிறத்திலும் மணத்திலும் அவற்றுக்குப் பங்குண்டு.

எண்ணெயில் வேறொரு குறையும் உள்ளது, அதைக் கணக்கால் சரிசெய்ய முடியாது. கெட்டியாகவும் அதே வேளையில் இளகியும் இருக்கும் வெண்ணெயைச் சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் படிகங்களின் முனைகள் கொழுப்பைக் கீறிக்கீறிக் காற்றை அதற்குள் புகுத்துகின்றன. பேக்கிங் சோடாவோ பேக்கிங் பவுடரோ புதிய குமிழ்களை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே மாவுக்குள் இருக்கும் குமிழ்களைப் பெரிதாக்க மட்டுமே அவற்றால் முடியும். திரவமான எண்ணெய் அவ்வாறு காற்றைப் பிடித்து வைக்காது என்பதால், எண்ணெயில் செய்த குக்கீ அடர்த்தியாகவும் தட்டையாகவும்தான் வரும். அத்தகைய குக்கீயே வேண்டும் என்பவர்களுக்கு அது குறையன்று. உறைந்த நிலையிலுள்ள தேங்காய் எண்ணெய் இதில் ஓரளவு விலக்கு: 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது கெட்டியாக இருப்பதால் அடித்துக் காற்றேற்றலாம், ஆயினும் வெண்ணெயைவிட முன்னதாக உருகிவிடுவதால், உருட்டி வைத்த மாவைக் குளிரவைத்த பிறகே ஓவனுக்குள் அனுப்ப வேண்டும்.

வெண்ணெய்க்கு மாற்றாகவே பிறந்த பொருள் மார்ஜரின். படைகளுக்கும் ஏழைகளுக்கும் மலிவான ஒரு வெண்ணெய் மாற்று வேண்டுமென்று பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் விரும்பியதைத் தொடர்ந்து, 1869-இல் இப்போலித் மேஜ்-மூரியே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பையும் ஆடை நீக்கிய பாலையும் கொண்டு அதை உருவாக்கினார். இன்று தாவர எண்ணெய்களிலிருந்து செய்யப்படும் கட்டி மார்ஜரினில் கொழுப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு இருப்பதால், குக்கீயில் அதை வெண்ணெய்க்கு எடைக்கு எடை மாற்றலாம், சுவைதான் குறையும். டப்பாக்களில் வரும் மென்மையான தடவுபொருள்கள் அப்படியல்ல. அவற்றில் சில பாதிக்குப் பாதி தண்ணீர். 200 கிராம் இட்டால் 32 கிராமுக்குப் பதிலாக 100 கிராம் தண்ணீர் மாவுக்குள் நுழையும். வாங்கும்போது உறையில் அச்சிட்டிருக்கும் கொழுப்பு விழுக்காட்டைப் படிப்பது ஒன்றே இதற்கு வழி. ஆப்பிள் மசியலை வெண்ணெய்க்குப் பதிலாக இடும் பரிந்துரையை நான் ஏற்பதில்லை. அது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். கேக்கில் ஒரு பகுதி கொழுப்புக்கு அது ஈடுகொடுக்கலாம், குக்கீயில் ரொட்டித்தன்மைதான் மிஞ்சும்.

உப்பிட்ட வெண்ணெய் மட்டுமே கையில் இருந்தால், 100 கிராமில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிராம் உப்பு இருக்கும் என்று கொண்டு, செய்முறையில் சொன்ன உப்பை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இருக்கிறது என்று எண்ணுவது அடுத்த பெரும் பிழை. 100 கிராம் சர்க்கரை தண்ணீரில் கரையும்போது அந்தக் கரைசலின் கொள்ளளவு ஏறத்தாழ 60 மில்லி உயர்கிறது. அதாவது சூட்டில் கரைந்த சர்க்கரை ஒரு திரவத்தைப் போலவே நடந்துகொள்கிறது; குக்கீ தட்டில் பரவுவது அதனால்தான். அதே சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்து, மாவுக்கு இழுவைத் தன்மை தரும் குளூட்டன் என்ற புரதப் பின்னல் உருவாவதைத் தடுக்கிறது, மாவு இறுகும் வெப்பநிலையை உயர்த்துகிறது, ஆறியபின் மீண்டும் படிகமாகி மொறுமொறுப்பைத் தருகிறது. உடல்நலம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தவர்களின் குக்கீ வெளிறிப்போய், பரவாமல், சிறு பன்னைப் போல் வருவதில் வியப்பில்லை. கால் பங்குவரை குறைத்தால் பெரிய குறை தெரிவதில்லை என்பது நான் செய்து பார்த்து அறிந்தது. வேதியியல் இனிப்பூட்டிகள் இனிப்பை மட்டுமே தரும். மேற்சொன்ன வேலைகளில் எதையும் அவை செய்யா.

பழுப்புச் சர்க்கரை தீர்ந்துபோனால் அதிகம் இழப்பில்லை. அது வெள்ளைச் சர்க்கரையின்மேல் மொலாசஸ் என்னும் கரும்புக் கழிவுப்பாகு படிந்த ஒன்றே. 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி அந்தப் பாகைப் பிசிறினால் அதே பொருள் கிடைத்துவிடும். பாகும் இல்லையென்றால் வெறும் வெள்ளைச் சர்க்கரையையே இடலாம், ஆனால் குக்கீ மென்று தின்பதாக இல்லாமல் மொறுமொறுப்பாக வரும், ஏனென்றால் ஈரத்தை இழுத்துவைக்கும் பாகு அதில் இல்லை. பொடித்த சர்க்கரையை இடுபவர் எடை பார்த்தே இட வேண்டும்: ஒரு கப் சாதாரணச் சர்க்கரை 200 கிராம் என்றால், ஒரு கப் பொடித்த சர்க்கரை ஏறத்தாழ 120 கிராம்தான், கடையில் வாங்கிய பொடியில் கட்டிபிடிக்காதிருக்கச் சிறிது ஸ்டார்ச்சும் கலந்திருக்கும்.

தேன் சற்றுக் கடினமான மாற்று. அதன் எடையில் ஏறத்தாழ 17 விழுக்காடு தண்ணீர். 200 கிராம் சர்க்கரையை அப்படியே 200 கிராம் தேனாக மாற்றினால் 70 கிராமாக இருந்த தண்ணீர் 104 கிராமாகிவிடும். தேனிலுள்ள ஃபிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை சாதாரணச் சர்க்கரையைவிட இனிப்பானது, குறைந்த வெப்பத்திலேயே பழுப்பாவது, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுப்பது. எனவே தேன் குக்கீ விரைவில் கருகும், மறுநாள் தளர்ந்துபோகும். சர்க்கரையின் பாதியை மட்டும், அதுவும் முக்கால் எடையில், தேனாக மாற்றி, ஓவனின் வெப்பத்தை 15 டிகிரி அளவுக்குக் குறைத்தால் நல்ல குக்கீ கிடைக்கும். அது மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவே.

முட்டை இல்லாதபோதுதான் பலரும் செய்வதறியாது நிற்கிறார்கள், ஆனால் குக்கீயைப் பொறுத்தவரை முட்டை அவ்வளவு இன்றியமையாத பொருளன்று. மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு என்று எடையில் எடுத்துப் பிசைந்து சுடும் ஷார்ட்பிரெட் வகையில் முட்டையே கிடையாது. எனவே மாவைக் கலக்கத் தொடங்கும் முன்பே முட்டை இல்லையென்று தெரிந்துவிட்டால், மாற்றைத் தேடுவதைவிட முட்டை வேண்டாத வகையைச் செய்வதே சிறந்தது என்பேன்.

வெண்ணெயும் சர்க்கரையும் அடித்தாகிவிட்டது, பெட்டியைத் திறந்தால் முட்டை இல்லை என்ற நிலையில், முட்டை செய்யும் வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 38 கிராம் தண்ணீர் தருகிறது. மஞ்சள் கருவின் வழியாக ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பும், கொழுப்பையும் நீரையும் இணக்கும் லெசித்தினும் தருகிறது. 60 டிகிரிக்குச் சற்று மேலே உறையத் தொடங்கும் புரதத்தால் குக்கீக்கு ஒரு சட்டகம் தருகிறது. இவற்றில் முதல் இரண்டுக்கு, 35 மில்லி பாலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் போதும். ஒரு முட்டை மட்டுமே உள்ள செய்முறையில் இந்த எளிய மாற்று எனக்கு ஒருமுறையும் தவறியதில்லை. குக்கீ சற்று உதிர்தன்மையோடு இருக்கும், அவ்வளவுதான்.

பிணைப்பும் வேண்டுமானால் ஆளிவிதை உதவும். பொடித்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி என்று வழக்கமாகச் சொல்வார்கள். மூன்று மேசைக்கரண்டி என்பது 45 மில்லி. முட்டையின் தண்ணீரோ 38 கிராம். ஆகவே குக்கீக்கு இரண்டரைக் கரண்டித் தண்ணீரே சரியான அளவு. பத்து நிமிடம் ஊறினால் விதையின் பசைப்பொருள் வெளிவந்து வெள்ளைக் கருவைப் போல் வழவழப்பாகும். சியா விதையும் இவ்வாறே. ஆனால் இந்தப் பசை சூட்டில் முட்டைப் புரதத்தைப் போல் உறைவதில்லை. ஓவனிலிருந்து எடுத்தவுடன் குக்கீ தளர்வாகவே இருக்கும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டு இறுகிய பிறகு எடுக்காவிட்டால் உடைந்துபோகும். கால் கப் தயிர், மசித்த வாழைப்பழம் ஆகியவை முட்டையின் தண்ணீரைவிட மிகுதியான தண்ணீரைக் கொண்டுவருவதால் குக்கீயைக் கேக்காக்கும், வாழைப்பழம் சுவையையும் தன்வயமாக்கிக்கொள்ளும். அடித்த வெள்ளைக் கருவை நம்பிச் செய்யும் மெரிங் வகைகளுக்கு மட்டும் கொண்டைக்கடலை வெந்த நீர் வியக்கத்தக்க மாற்று. பருப்பு வகைகள் வெந்த நீர் முட்டைக் கருவைப் போல் நுரைத்து நிற்கும் என்பதைப் பிரெஞ்சுப் பாடகர் ஜோயல் ரோசெல் 2014-இல் கண்டு பகிர்ந்தார். அது பின்னர் அக்வாஃபாபா என்று பெயர் பெற்றது. கொண்டைக்கடலை வெந்த நீர் மூன்று மேசைக்கரண்டியை ஒரு முட்டைக்கு ஈடாகக் கொள்வது வழக்கம்.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் நீர்க்கணக்குக்கு வெளியே நிற்பவை. அங்கே பார்க்க வேண்டியது அமிலத்தின் கணக்கு. சோடா ஒரு காரப்பொருள். அமிலத்தோடு சேரும்போது கரியமில வாயுவை உடனே வெளியிடும். அமிலம் இல்லாவிட்டாலும் சூட்டில் சிதைந்து வாயுவை விடும், ஆனால் அப்போது எஞ்சும் சோடியம் கார்பனேட் சோப்பைப் போன்ற கசப்பைத் தரும். பேக்கிங் பவுடர் என்பது சோடாவும், அதற்கு ஈடான உலர்ந்த அமில உப்பும், ஈரம் பிடிக்காதிருக்கச் சிறிது ஸ்டார்ச்சும் கலந்த பொடி. இதுவும் ஒரு மாற்றுப்பொருளாகத் தோன்றியதுதான்: முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக, முட்டையில்லாக் கஸ்டர்டு பொடியை முன்பே உருவாக்கியிருந்த ஆல்ஃபிரட் பேர்டு என்ற ஆங்கிலேயர், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்க இந்தப் பொடியைக் கண்டார்.

அரைத் தேக்கரண்டி சோடாவுக்குப் பதிலாக ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் இட்டால் உப்புதல் ஏறத்தாழச் சமமாகும். நிறம் சமமாகாது. சோடா மாவைக் காரத்தன்மைக்குத் திருப்பிப் பழுப்பாவதை விரைவுபடுத்துகிறது, குளூட்டனைத் தளர்த்திக் குக்கீயைப் பரவச் செய்கிறது. பவுடரில் அந்தக் காரம் அமிலத்தால் அடங்கிவிடுவதால் குக்கீ வெளிறியும் தடித்தும் வரும். எதிர்த்திசையில், ஒரு தேக்கரண்டி பவுடருக்குக் கால் தேக்கரண்டி சோடாவும் அரைத் தேக்கரண்டி கிரீம் ஆஃப் டார்ட்டர் என்னும் அமில உப்புப் பொடியும் ஈடாகும். அது இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சோடா, பவுடர் இரண்டுமே இல்லாத வீட்டில், மெல்லிய மொறுமொறுப்பான குக்கீயை எதுவும் இடாமலேயே சுடலாம். வெண்ணெயையும் சர்க்கரையையும் இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாக அடித்தால் போதும்.

மாவு விஷயத்தில் குக்கீ தாராள மனம் கொண்டது. ரொட்டிக்கு இருப்பதுபோல் குளூட்டன் வலைப்பின்னல் இதற்குத் தேவையில்லை என்பதால், அரிசி மாவோ ஓட்ஸ் பொடியோ ரொட்டியில் தோற்கும் இடத்தில் குக்கீயில் நன்றாகவே வரும். முழுக்கோதுமை மாவில் மட்டும் நீர்க்கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது: தவிடு தண்ணீரை மிகுதியாகவும் மெதுவாகவும் குடிப்பதால், மைதாவில் பாதிக்குமேல் மாற்றாமல், பிசைந்த மாவை அரைமணி நேரம் ஊறவிட்டு, உதிரியாகத் தோன்றினால் ஒரு தேக்கரண்டி பால் தெளிக்க வேண்டும். பாதாம் மாவை மைதாவைப் போல் நினைக்கக் கூடாது, அதில் பாதி கொழுப்பு. தானே உப்பும் மாவு எனப்படும் வகையை இட்டால் செய்முறையிலுள்ள பேக்கிங் பவுடரையும் உப்பையும் விட்டுவிட வேண்டும், அவை அதில் ஏற்கெனவே கலந்திருக்கின்றன.

சாக்லேட் சிப்ஸ் இல்லாதவர்கள் கட்டிச் சாக்லேட்டை நறுக்கிப் போடலாம். சிப்ஸில் கோகோ வெண்ணெய் பெரும்பாலும் குறைவு என்பதால் அவை உருக்குலையாமல் நிற்கும்; நறுக்கிய கட்டி உருகி ஏடேடாகப் படியும், என் நாவுக்கு அதுவே மேல். உண்மையில் சிப்ஸ் வருவதற்கு முன்பு அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்காவில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, 1930-களில் வேறொரு சாக்லேட் தீர்ந்துபோனதால் இனிப்புச் சாக்லேட்டை உடைத்துப் போட்டு, அது உருகிக் கலந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்ததில் சாக்லேட் சிப் குக்கீ பிறந்ததாக ஒரு கதை எங்கும் சொல்லப்படுகிறது. இல்லக்கலையை முறையாகப் படித்தவரான அவரே, விருந்தினர்க்குப் புதிதாக ஒன்றைத் தர வேண்டுமென்று முயன்று செய்ததாகத்தான் பின்னாளில் கூறினார். தற்செயலுக்குப் போய்ச் சேர்ந்த பெருமை அவருடைய அறிவுக்கு உரியது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிப்பில்லாத சாக்லேட் 30 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டி கோகோ பொடியும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஈடு. கோகோவில் இரு வகை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்: இயல்பான கோகோ அமிலத்தன்மை கொண்டது, காரமிட்டுப் பக்குவப்படுத்திய கருநிறக் கோகோ நடுநிலையானது. செய்முறையில் சோடா மட்டும் இருந்தால் அது இயல்பான கோகோவின் அமிலத்தை நம்பி எழுதப்பட்டிருக்கக்கூடும். கருநிற வகையை இடுபவர் சோடாவைக் குறைத்துப் பவுடரைச் சேர்ப்பது நலம்.

வனிலா இல்லையென்றால் விட்டுவிடலாம், குக்கீயின் கட்டமைப்பில் அதற்குப் பங்கில்லை. கொட்டைகளை மாற்றுவதில் சுவையைவிட ஒவ்வாமைதான் பெரிய செய்தி. வழக்கமாகப் போடும் கொட்டையை வேறொன்றாக மாற்றினால் உண்பவர்களிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். நிலக்கடலை வெண்ணெய்க்குப் பதிலாகச் சூரியகாந்தி விதை வெண்ணெயை இட்டவர்கள், சுட்ட குக்கீ ஆறியதும் உள்ளே பச்சை நிறம் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது, கேடில்லாதது. சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்தாலோ சோடாவைக் குறைத்தாலோ அது தோன்றாது.

எந்த மாற்றைச் செய்தாலும் முழுத் தட்டையும் ஒரே முறையில் ஓவனுக்குள் வைக்காமல், முதலில் ஒரே ஒரு குக்கீயைச் சுட்டுப் பார்ப்பதை நான் வற்புறுத்துவேன். 180 டிகிரியில் அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகும், மீதி மாவு அதுவரை குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். அது அளவுமீறிப் பரவிப்போனால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி மைதாவைச் சேர்த்து இன்னும் அரைமணி நேரம் குளிரவிட வேண்டும். பரவாமல் உருண்டையாகவே நின்றால், ஒரு தேக்கரண்டி பாலைச் சேர்த்து, ஒவ்வோர் உருண்டையையும் உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கிய பின் சுட வேண்டும். சுவை சரியாக இருந்தும் உதிர்ந்துபோனால் மாவில் தண்ணீர் குறைவு. ரொட்டியைப் போல் இழுபட்டால் தண்ணீர் கூடுதல், அந்த மாவை மெல்லியதாகத் தட்டிக் குறைந்த சூட்டில் நெடுநேரம் சுட்டு, மிகுதியான ஈரத்தை ஓவனே எடுத்துவிடும்படி செய்யலாம்.